உச்சிநேர முறை

பிள்ளைகள்,

மூத்தவள் பேச்சுப் போட்டிக்கு எழுதியதைக் கொண்டுவந்து, "அப்பா, பிழை இருந்தால் சொல்லுங்கோ" என்று என்னிடம் நீட்டினாள். தூய சக்தியைப் பற்றிய பேச்சு. "சூரியன் எல்லோருக்கும் பொதுவானது, அது ஆள் பார்த்து ஒளி தருவதில்லை" என்று தொடங்கியிருந்தாள். "வடிவாய்க் கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லைத்தான். ஆனால் அந்த வரி நெஞ்சில் முள்ளாய் நின்றுவிட்டது. அதே கிழமை சின்னவன் கேட்டான்: "மாமா ஏன் இப்ப எங்கடை வீட்டுப் பக்கம் வாறேல்லை? நாங்களாவது அங்கை போகலாமோ?"

இரண்டு பேருக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவனின் எழுத்து இது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணிக்கு அதில் பாதி, பக்கத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன், உங்கள் மாமாவின் காணிக்குப் பாதி. இருவரும் ஒரே நேரத்தில் இறைத்தால் கிணறு வற்றிவிடும். அதனால் முறை வைத்திருந்தோம். இன்றைக்குக் காலமை அவர் இறைத்தால் பின்னேரம் நான். நாளைக்குக் காலமை நான், பின்னேரம் அவர். உச்சிநேரம் யாருக்கும் இல்லை. கொதிக்கிற வெயிலில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டால் வெங்காயம் அவிந்துபோகும். அது கிணறு ஊறுகிற நேரம், நாங்கள் சாப்பிட்டுவிட்டுச் சரிகிற நேரம். ஒன்றுக்கும் உதவாத ஆளைக் கண்டால் "உவன் உச்சிநேர முறைக்காரன்" என்று பகிடி பண்ணுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. முறை என்பது மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிசினுக்கு மட்டும்தான். வாளியால் அள்ளுகிற தண்ணீருக்கு முறை கிடையாது. யாருடைய நேரமானாலும் குடிக்கவும் குளிக்கவும் யாரும் அள்ளலாம். மறிக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

மண்ணெண்ணெய் இல்லாமல் போன காலம் சின்னவனுக்கே ஞாபகம் இருக்கும். சங்கக்கடைக்கு முன்னால் கலன்கள் வரிசையில் நிற்க, ஆட்கள் மதில் நிழலில் குந்தியிருந்தோம். தோட்டத்தில் வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்த வெங்காயத்தில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. அடுப்பும் அதில்தான், உங்கள் கொப்பியும் ரியூசனும் அதில்தான்.  மாமாதான் சிரிக்கவைத்தார்.

"மச்சான், முந்தி மனுசர் வரிசையிலை நிண்டவை. இப்ப கலன் நிக்குது, மனுசர் நிழலிலை இருக்கினம். இது முன்னேற்றம் எல்லோ?"

அன்றைக்கு அவருடைய கலன் நிறைந்ததும் எண்ணெய் முடிந்துவிட்டது. அடுத்த கலன் என்னுடையது. நான் வெறுங்கலனைத் தூக்கிச் சைக்கிளில் கட்டப்போனேன். மாமா அதைப் பறித்து நிலத்தில் வைத்து, தன் கலனைச் சரித்துப் பாதியை அதற்குள் ஊற்றினார்.

"விடு மச்சான், உன்ரை தோட்டத்துக்கு நீ இறை" என்றேன்.

"கிணறு பாதி எண்டால் எண்ணெயும் பாதிதான். அரைவயித்துக்குக் குடிச்சால் மிசின் கொஞ்சம் இருமும். ஆனா ஓடும்."

ஒரு சொட்டும் நிலத்தில் விழவில்லை. அவ்வளவு பக்குவமாக ஊற்றினார். இனி வரப்போவதைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாகவேண்டும். இதுவும் நடந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் சோலர் திட்டம் வந்தது. பொதுநோக்கு மண்டபத்தில் எங்களைக் கூட்டி வைத்து, திட்டத்து அலுவலகத்தில் இருந்து வந்த ஒரு மிஸ் விளக்கினா. இளம் பிள்ளை, நல்ல பிள்ளை. எண்ணெய் வருமா வராதா என்று இனிமேல் ஒருவருக்கும் தெரியாது, மழையும் முந்திய மாதிரி இல்லை, அடுத்த முறை வரிசை வருவதற்கு முன்பே நாங்கள் திட்டமிடவேண்டும் என்று சொன்னா.

பின்வாங்கில் இருந்து மாமா கேட்டார்: "மிஸ், இஞ்சை நாளைக்கு என்ன விலை எண்டே தெரியாது. நீங்கள் பத்து வருசத்துக்குத் திட்டம் போடச் சொல்லுறியள்."

"நாளைக்குத் தெரியாதபடியால்தான் ஐயா இண்டைக்குப் போடவேணும்."

மண்டபம் சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஒரு கிணற்றுக்கு ஒரு மோட்டர், பங்குக்காரர் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மட்டும் தருவோம், முறையை நீங்களே பேசித் தீர்த்துக்கொண்டு வந்து சொல்லுங்கள் என்றா. தண்ணீரைச் சேர்த்து வைக்கத் தாங்கி இரண்டாம் கட்டத்தில் வரும் என்றும் சொன்னா. அந்த இரண்டாம் கட்டம் வரவேயில்லை. பிறகு கேட்டபோது, திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோசம். சோலர் தகடு வைக்க எங்கள் காணிதான் தோது என்றார்கள். அதற்காக நீங்கள் ஊஞ்சல் கட்டியிருந்த மாமரத்தைத் தறித்தேன். நீங்கள் அழுதீர்கள். "இனி அப்பா எண்ணெய்க்கு நிக்கத் தேவையில்லை" என்று உங்களைத் தேற்றியதும் நான்தான்.

இடையில் மாமா கரவெட்டியில் ஒரு கலியாணத்துக்குப் போய் அங்கே தங்கிவிட்டு வந்தார். வரும்போது உங்களுக்குப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தார். கலியாணமும் உண்மை, பணியாரமும் உண்மை. சின்னவன் எனக்கும் ஒன்றை மிச்சம் வைத்திருந்தான். நானும் சாப்பிட்டேன்.

வந்த கையோடு தன் காணியின் மூலையில் வெடித்துக் கிடந்த பழைய தொட்டியைப் பூசத் தொடங்கினார். புகையிலை நட்ட காலத்தில் யாரோ கட்டியது. நான் போய்ச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீமெந்து குழைத்துக் கொடுத்தேன்.

"உதென்ன மச்சான், ஒரு மாட்டுக்கு இவ்வளவு பெரிய தொட்டியோ? மாடு குடிக்கப்போகுதோ, நீந்தப்போகுதோ?"

"என்ரை மாடு ராசாத்தி. குடிக்கும், முகம் பாக்கும், விரும்பினால் நீந்தும். நீ கதையை விட்டிட்டுச் சீமெந்தை இறுக்கமாய்க் குழை. ஒழுகினால் உன்னைத்தான் பிடிப்பன்."

இறுக்கமாகத்தான் குழைத்தேன். அந்தத் தொட்டி இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை.

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் கிணற்றடியில் முறையைப் பற்றிக் கதைத்தோம். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மச்சான், நாளுக்கு நாள் மாத்தி மாத்தி ஏன் கரைச்சல்?" என்றார் மாமா. "காலமையும் பின்னேரமும் ரண்டையும் நீயே வைச்சிரு. உச்சிநேரத்தை எனக்கு விடு."

"உனக்கென்ன விசரே? உச்சிநேரத் தண்ணியை வைச்சு என்ன செய்யப்போறாய்?"

"எனக்கு வாழைதானே கூட. வாழைக்கு எப்ப விட்டால் என்ன? நீ பிள்ளைகுட்டிக்காரன். பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை விட்டு, ஏத்தி, அதுக்குள்ளை தோட்டமும் பாக்கவேணும். நான் வெயிலுக்கை நிண்டு காய்ஞ்ச கட்டை."

அம்மா கேட்டாள்: "அண்ணை, உங்கடை வெங்காயம்?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ கண்டபடி யோசியாதை."

"அப்ப இனி நீதான் உச்சிநேர முறைக்காரன்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உன்ரை அண்ணை மாதிரி ஒரு ஆள் இந்த ஊரிலை இல்லை" என்றேன். அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மிஸ் வந்து கேட்டபோது இருவரும் அவவுக்கு முன்னால் அப்படியே சொன்னோம். "இப்பிடி ஒற்றுமையான பங்குக்காரரை நான் காணேல்லை" என்றா.

மாரி முடிந்து தையில் வெங்காயம் நட்டோம். சோலர் மோட்டரின் முதல் தண்ணீருக்குத் தேங்காய் உடைத்தோம். அன்றைக்கு ஆட்கள் வந்து சேர உச்சிநேரமாகிவிட்டதால் தண்ணீர் பாய்ந்து வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த நாள் காலமை என் முறை. மோட்டரின் ஆளியைத் தட்டிப் போட்டேன். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. வாய்க்காலில் பாதித் தூரம் போவதற்குள் மண் குடித்துவிட்டது. தகட்டில் தூசி என்று நினைத்து ஏறித் துடைத்தேன். பனிவெயில் என்று நினைத்தேன். வெயில் ஏறித் தண்ணீர் பெருகத் தொடங்கும்போது, நடுப்பகல் என்று மாமா வந்து குழாயைத் தன் பக்கம் திருப்பினார். முறைதானே, விட்டுவிட்டு விலகினேன். வாழைத்தண்டு தடிப்பில் தண்ணீர் அவருடைய பக்கம் போனது. பாத்திக்கு அல்ல, தொட்டிக்கு. பின்னேரம் வெயில் சாய்ந்ததும் குழாயை எனக்குத் தந்தார். மறுபடியும் நூல். அதே பின்னேரம் தொட்டியின் அடைப்பைத் திறந்து, குளிர்ந்த தண்ணீரைத் தன் வெங்காயப் பாத்திகளுக்கு ஆறுதலாகத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்.

எண்ணெய் மிசின் நேரம் பார்க்காது. ஊற்றினால் விடியவும் ஒரே தண்ணீர், பொழுதுபடவும் ஒரே தண்ணீர். சோலர் நேரம் பார்க்கும். நாங்கள் மிசினை மாற்றினோம், ஆனால் நல்ல நேரம் எது, கெட்ட நேரம் எது என்ற எண்ணத்தைப் பழைய மிசினோடேயே வைத்துக்கொண்டோம். அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து விட்ட பிழை, மாமாவுக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது, கேட்டால் மாற்றித்தருவார் என்று நினைத்தேன். கேட்கக்கூட அவசரப்படவில்லை. அவரே சொல்வார் என்று காத்திருந்தேன்.

பிறகு வயர் பார்க்கச் சாவகச்சேரியில் இருந்து மோட்டர் பூட்டுகிற தம்பி வந்தான். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னான்.

"உங்கடை மச்சான் கெட்டிக்காரன் அண்ணை. போன வருசம் கரவெட்டியிலை நாங்கள் மோட்டர் பூட்டின தோட்டத்துக்குப் பட்டுவேட்டியோடை வந்தவர். காலமை ஒருக்கா, உச்சிக்கு ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா வாளி பிடிச்சுப் பாத்தவர். 'அண்ணை, கலியாணத்துக்கு வந்தனீங்களோ, தண்ணி அளக்க வந்தனீங்களோ' எண்டு நான் பகிடிக்குக் கேட்டனான்."

அவன் புகழ்ந்துதான் சொன்னான். அவனில் ஒரு குற்றமும் இல்லை. நான் என் தேத்தண்ணீரை நிலத்தில் வைத்தேன். பணியாரம், தொட்டி, கிணற்றடிச் சிரிப்பு, நான் பிடித்த கை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

அடுத்த நாள் உச்சிநேரம் தொட்டியடிக்குப் போனேன். மாமா விளிம்பில் இருந்து தண்ணீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கரவெட்டியிலை வாளி பிடிச்சுப் பாத்தனியாம்."

"ஓம். பாத்தனான்." மறைக்கவில்லை.

"பாத்துப்போட்டு வந்தோ என்னட்டை உச்சிநேரத்தைக் கேட்டனீ?"

"கேட்டனான், நீ தந்தனீ. பறிச்சனானே?"

"தெரிஞ்சதை எனக்கும் சொல்லியிருக்கலாமே."

"சூரியன் உச்சிக்கு வந்தால் வெயில் கூடும் எண்டதை ஆரும் ஆருக்கும் சொல்லவேணுமே? சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ரண்டு முறை கிடைக்குது எண்டு நீதான் சிரிச்சுக்கொண்டு வாங்கினனீ."

"எண்ணெயைப் பாதியாய் ஊத்தித் தந்தவன் நீ."

மாமா தொட்டிக்குள் கையை விட்டார். தண்ணீரில் மிதந்த ஒரு சருகை எடுத்து வெளியே போட்டார்.

"அண்டைக்கு நாளைக்கு எண்ணெய் வரும் எண்டு ஒரு நம்பிக்கை இருந்தது, மச்சான். இப்ப எதை நம்புறது? மழையை நம்பேலாது, விலையை நம்பேலாது, வாற திட்டத்தையும் நம்பேலாது. தாங்கி தாறம் எண்டினம், தந்தவையே? ஆளாள் தன்ரையைப் பாத்தால்தான் தப்பலாம்."

"அப்ப இனியாவது மாத்துவம். ஒண்டைவிட்டொரு நாள் உச்சி எனக்கு."

"முறை எண்டால் முறை. மிஸ்ஸுக்கு முன்னாலை ரண்டுபேரும் ஒத்துக்கொண்டது."

நான் பூசிய சுவரில் கையை ஊன்றிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

மிஸ்ஸிடமும் போனேன். அவ கவலையோடுதான் கேட்டா. "ஐயா, நீங்கள் விரும்பித்தானே பிரிச்சனீங்கள்? சொந்தத்துக்குள்ளை நாங்கள் எப்பிடித் தலையிடுறது?" என்றா. அவவுக்கும் இடமாற்றம் வந்திருந்தது. கடையடியில் ஒருவர் முறைப்பாடு கொடுக்கச் சொன்னார். இன்னொருவர், "உவனைத் தலைமுழுகிப்போட்டு உங்கடை அலுவலைப் பாருங்கோ அண்ணை" என்றார். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுவோமே, அப்படி ஒரு உறவையும் முழுகிவிடு என்று அர்த்தம்.

அம்மா, தான் போய்க் கேட்டுவருகிறேன் என்று மாமா வீட்டுக்குப் போனாள். கெதியில் திரும்பிவிட்டாள்.

"கேட்டனியோ?"

"அண்ணை தேத்தண்ணி போட்டுத் தந்தவர். சீனி கூடப் போட்டு, எனக்கு விருப்பமான மாதிரி. குடிச்சுப்போட்டு வந்திட்டன். கேக்க வாய் வரேல்லையப்பா."

அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. எனக்குத் தண்ணீர் போனது. அவளுக்குப் போனது வேறு.

அந்த முறை எங்கள் வெங்காயம் கொட்டைப்பாக்கு அளவில் நின்றுவிட்டது. வரம்புக்கு அந்தப் பக்கம் மாமாவின் வெங்காயம் மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. "அப்பா, ரண்டும் ஒரே கிணத்துத் தண்ணி எல்லோ?" என்று மூத்தவள் கேட்டாள். நான் அடுத்த பாத்தியைக் கிண்டத் தொடங்கினேன். பிறகு அவளுடைய ரியூசனை நிறுத்தினோம். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

நான் சோலருக்கு எதிரானவன் என்று நினைத்துவிடாதீர்கள். கலனோடு மதில் நிழலில் குந்தியிருந்த நாட்கள் திரும்ப வேண்டாம். தகட்டை இன்றைக்கும் நான்தான் துடைக்கிறேன். சூரியன் ஆள் பார்ப்பதில்லை என்று மூத்தவள் எழுதியதும் சரி. ஆனால், மகள், நீ பெரியவளாகி இப்படியான திட்டம் ஒன்றுக்கு மேசையில் இருந்தால், தகடு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் எந்த நேரம் யாருக்கு என்று கேள். யார் முதலே போய் வாளி பிடித்துப் பார்த்தவர் என்றும் கேள். அதை எல்லோருக்கும் முன்னால் சொல்லவை.

சின்னவன், நீ மாமா வீட்டுக்குப் போகலாம். இரண்டு பேரும் போங்கள். அவர் தந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். முறை என்ற சொல்லுக்கு எங்கள் பேச்சில் தண்ணீரும் உண்டு, சொந்தமும் உண்டு. அவர் உங்களுக்கு மாமன் முறை. தண்ணீரைப் பிரித்த மாதிரி அதை நான் பிரிக்க ஏலாது. நான் வரமாட்டேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால், அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை என்று சொல்லுங்கள். கேட்கமாட்டார்.

வெங்காயம் கிண்டி முடித்த அடுத்த நாள் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அம்மா வீட்டில். நான் தனியே தோட்டத்துக்குப் போனேன். உச்சிநேரம். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா சாப்பிடப் போயிருந்தார். தண்ணீர் தன்பாட்டில் அவருடைய தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. குழாய் பூட்டியபோது கழற்றிக் கொட்டிலில் போட்ட கிணற்றுக் கப்பியை எடுத்தேன். துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பழைய இடத்தில் கொழுவி, கயிற்றைப் போட்டேன். வாளிக்கு முறை இல்லை.

ஒரு வாளி அள்ளினேன். கப்பி கிறீச்சிட்டது. தண்ணீர் நல்ல குளிர். இரண்டு கையாலும் வாளியைத் தலைக்கு மேலே தூக்கினேன். தலையில் ஊற்றத்தான் தூக்கினேன். கடையடியில் அந்த மனிதர் சொன்னது அப்போது காதுக்குள் கேட்டது. கொஞ்சநேரம் அப்படியே நின்றேன். கை கடுத்தது.

வாளியை இறக்கி, முகத்தைக் கழுவினேன். கையையும் காலையும் கழுவினேன். தலையில் வார்க்கவில்லை. மிச்சத் தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டு, கப்பியைக் கழற்றாமல், வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.